மெசினுக்கா, மனுசனுக்கா?

அத்தியாயம் 18

கிறேஸின் வலது கையை அந்த வீட்டில் எல்லோரும் மன்னித்துவிட்டார்கள். கிறேஸ் மட்டும்தான் இன்னும் மன்னிக்கவில்லை.

போன கிழமை நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். பின்னேரம் வானம் கறுத்து, தலைமன்னார்ப் பக்கம் முதல் இடி முழங்கியதுதான் தாமதம், கிறேஸ் எழும்பிப் போய் மெயின் சுவிச்சை இறக்கிவிட்டாள். பள்ளிமுனையில் இடி இடித்தால் எந்த வீட்டில்தான் இறக்கமாட்டார்கள்? கலியாணம் கட்டி வந்த நாளிலிருந்து செய்கிற வேலை. கை தானாகப் போய்விட்டது. உள்ளறையில் புருசன் எமிலியானுஸின் மூக்கில் குழாய் இருந்ததும், குழாயின் மறு நுனியில் கரண்டில் ஓடும் ஒட்சிசன் மெசின் இருந்ததும் அந்தக் கைக்கு எங்கே ஞாபகம்!

மெசின் கீ கீ என்று கத்தத்தான் செய்தது. தகரக் கூரையில் மழை கொட்டும்போது அது யாருக்குக் கேட்கும்? மகள் நிறஞ்சலா கச்சேரியில், அந்த அரசாங்கக் கந்தோரில், வேலை முடிந்து நனைந்துகொண்டு வந்து பார்த்தபோது தகப்பனின் உதடு நாவற்பழம்போல இருந்தது.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார்கள். மூன்று நாள் வைத்திருந்து துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். கிறேஸ் மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்துவிட்டு, வீட்டு மெயின் சுவிச்சில் தன் செபமாலையைச் சுற்றிக் கட்டினாள். கை மறந்து போனாலும் மாதாவில் முட்டி நிற்கட்டும் என்றாள்.

ஆனால் துண்டு வெட்டுகிற நேரம் டொக்டர் நிறஞ்சலாவை மட்டும் உள்ளே கூப்பிட்டுச் சொன்னது கிறேஸுக்குத் தெரியாது.

"நுரையீரல் காய்ஞ்சு இறுகிக்கொண்டு போகுது, பிள்ளை. மெசின் அதைச் சுகப்படுத்தாது. தாங்கிப் பிடிக்கும், அவ்வளவுதான். நத்தாருக்கு வீட்டில இருப்பார் எண்டு நினைக்கிறன். அதுக்கங்கால என்னட்டக் கேட்காதேங்கோ."

யேசு பிறக்கும் நத்தாருக்கு இன்னும் இரண்டு மாதம்கூட இல்லை. அந்த வார்த்தையை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டுதான் நிறஞ்சலா இந்தக் கிழமை முழுக்கச் சமைத்தாள், சிரித்தாள், கச்சேரிக்குப் போய் வந்தாள். இன்றைக்கு லீவு போட்டிருந்தாள்.

மெசினின் வொறன்ரி இன்றோடு முடிகிறது. கொம்பனி ஆள் நௌஷாட் வரப்போகிறான். பழுதானால் உடனே வந்து திருத்திக் கொடுக்கிற ஒப்பந்தம் எடுப்பதா, விடுவதா, எடுத்தால் ஒரு வருடமா, மூன்று வருடமா? இதுதான் விடிந்ததிலிருந்து வீட்டில் கதை.

"மூண்டு வருசம்," என்றாள் கிறேஸ், மீனைக் கழுவிக்கொண்டே. "இதில என்ன யோசினை?"

"ஒரு வருசம் எடுப்பம், அம்மா."

"ஏன்? மூண்டாய் எடுத்தால் வருசத்துக்கு மலிவெண்டு அவன் நௌஷாட் போனில சொன்னவன்தானே. சவுக்காரம் வாங்கினாலும் மூண்டு கட்டி சேர்த்து வாங்குற ஆள் நீ!"

"சவுக்காரம் வேற, இது வேற."

"ஓம், வேறதான். சவுக்காரம் இல்லாட்டி மனுசன் சாகமாட்டான்."

நிறஞ்சலா அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள். அவளுடைய நிலைமையில் நீங்கள் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? மூன்று வருடம் என்று ஒரு முறை கையெழுத்துப் போட்டுவிட்டால் அம்மா அதை அப்படியே நம்பிவிடுவாள். கொம்பனிக்காரன் கொடுத்த தவணையைக் கடவுள் கொடுத்த தவணையாக எடுத்துக்கொள்ளும் பிறவி அவள். எவ்வளவு உயரத்துக்கு ஏறுகிறாளோ அவ்வளவு உயரத்திலிருந்து விழப்போகிறாள். அதைப் பிடிக்கத் தன்னிடம் கை இல்லை என்றுதான் நிறஞ்சலா பயந்தாள்.

இங்கிலாந்திலிருந்து மகன் ஜஸ்ரின் வட்ஸப்பில் வந்தான். கிறேஸ் போனைச் சீனிப் பேணியில் சாய்த்து வைத்தாள். அங்கே அவன் வேலைக்குப் போக நின்றான். தொப்பி, கழுத்துத் துணி, கையுறை. இங்கே கிறேஸ் சட்டைக் கழுத்தை இழுத்து விசிறிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, கண்ணை மூடிக்கொண்டு எடுங்கோ. நான் பட்டது தெரியும்தானே?"

"தங்கச்சிக்குச் சொல்லு. அவவுக்குக் காது கேட்கேல்ல."

"நிறஞ்சி, இஞ்ச வீட்டைச் சூடாக்குற பொயிலருக்கு மாசா மாசம் ஒரு கொம்பனிக்குக் காசு கட்டினனான். பழுதாப்போனால் வந்து திருத்துவாங்கள். வருசக் கணக்காக் கட்டியும் அதில ஒரு ஆணிகூடக் கழரேல்ல. வீண் செலவெண்டு நிப்பாட்டினன். அந்தக் குளிருக்கே படுத்திட்டுது! கூப்பிட்டால், கவர் இருக்கிற வீடுகளுக்குத்தான் முதல் போவமாம். ஒரு கிழமை, தங்கச்சி. பிள்ளையள் ரெண்டும் ஜக்கெற்றோட படுத்ததுகள். சின்னவள் வாயைத் திறந்தால் புகை வருது, வீட்டுக்குள்ள!"

"யேசுவே! பிள்ளையின்ர வாயால புகையோ!" கிறேஸ் இந்தக் கதையை நாலாம் தரம் கேட்கிறாள். நாலு தரமும் நெஞ்சில் கை வைத்தாள். "குளிருக்கே அப்பிடியெண்டால், மூச்சுக்கு?"

"அதைத்தான் சொல்லுறன். காசை யோசிக்காதேங்கோ. நான் ஓவர்ரைம் செய்து அனுப்புறன்."

"அண்ணா, ஒரு வருசம் காணும்."

"ஏன் காணும்?"

அவனுக்கும் தெரியாது. பிள்ளைகளோடு நத்தாருக்கு வரலாமா என்று கேட்டவனை, அடுத்த ஆடி லீவுக்கு வரச் சொன்னவளே கிறேஸ்தான். இவனிடமாவது நிறஞ்சலா சொல்லியிருக்க வேண்டும். நேற்றும் சொல்ல நினைத்தாள், முந்தநாளும் நினைத்தாள். தாயும் பக்கத்தில் நிற்கும்போது எப்படிச் சொல்வது?

"புது மொடல் ஒண்டு வந்தால் மாத்தலாம், அதுக்குத்தான்..."

கிறேஸ் மீன் சட்டியை டங்கென்று வைத்தாள். "அப்பான்ர மூச்சில நீ புது மொடல் பார்க்கிறியோ? அண்ணன் அந்தக் குளிருக்க நிண்டு உழைச்சுத் தாறன் எண்டுறான், உனக்கு இஞ்ச இருந்து வாயால ஓம் எண்டு சொல்ல வலிக்குதோ? உன்னைத் தோளில வச்சுக்கொண்டு கடற்கரை முழுக்கத் திரிஞ்ச மனுசனடி அது!"

நிறஞ்சலா கிணற்றடிக்குப் போய் முகத்தைக் கழுவினாள். நெடுநேரம் கழுவினாள்.

நௌஷாட் பத்து மணிபோல மோட்டர் சைக்கிளில் வந்து இறங்கினான். எருக்கலம்பிட்டிப் பொடியன். வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போதே கிறேஸ் தேத்தண்ணியோடு நின்றாள்.

"நல்லா இருக்கிறீங்களா, ஐயா?" என்று கேட்டபடி உள்ளறைக்குப் போனான்.

எமிலியானுஸ் கட்டிலில் சாய்ந்து இருந்தார். நாலு தலையணை. ஒரு காலத்தில் சிலாவத்துறைக் கடலில் சங்குக்கும் கடலட்டைக்கும் மூழ்கிச் சுழியோடிய உடம்பு. இப்போது தோளெலும்பில் சட்டை தொங்கியது. ஒரு வசனம் சொல்ல நடுவில் இரண்டு இடத்தில் நிற்க வேண்டியிருந்தது. பகிடி மட்டும் குறையவில்லை.

"தம்பி... உன்ர வாப்பா என்னட்ட அட்டை வாங்கினவர். நிறுவையில... சரியான இறுக்கம். நீ எப்பிடி?"

நௌஷாட் சிரித்தான். "வாப்பா மௌத்தாகுமட்டும் உங்களைச் சொல்லுவார், ஐயா. எமிலியான்ர அட்டையில மண் இருக்காது எண்டு."

மெசினின் பின்மூடியைக் கழற்றிக் காற்று வடியை எடுத்துத் தட்டினான். உப்புப் படிந்திருந்தது. கழுவித் துடைத்து, காற்றின் அளவைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினான். "நல்ல மெசின். ஒரு குறையும் இல்லை."

கிறேஸ் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "தம்பி, ஒண்டு கேட்கட்டே. ஆரும் மறந்துபோய் மெயின் சுவிச்சை இறக்கினால்... அதுக்கும் இந்த ஒப்பந்தத்தில ஏதும் இருக்கோ?"

நௌஷாட் நிறஞ்சலாவைப் பார்த்தான், பிறகு சுவிச்சில் தொங்கிய செபமாலையைப் பார்த்தான். விசயம் அவனுக்குப் பிடிபட்டது.

"மெசின்ர பழுதுக்குத்தான் அம்மா கவர். கை மறதிக்கு எந்தக் கொம்பனியும் குடுக்காது."

"அப்ப என்ர கைக்கு ஒண்டுமில்லை," என்றாள் கிறேஸ் மெதுவாக.

"உன்ர கைக்கு... நான் இருக்கிறன்," என்றார் எமிலியானுஸ். "அதில குழம்பு... இன்னும் நல்லாத்தான் வருது."

கிறேஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரை ஏசினாள். "இந்த வாய்க்கு மட்டும் ஒட்சிசன் தேவையில்லை!"

நௌஷாட் பத்திரங்களை எடுத்து வைத்தான். ஒரு வருடத்துக்கு ஒன்று, மூன்று வருடத்துக்கு ஒன்று. கிறேஸ் மூன்றைத் தொட்டாள். நிறஞ்சலா ஒன்றைத் தொட்டாள். தாயும் மகளும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

"தம்பி," என்றார் எமிலியானுஸ். எல்லோரும் திரும்பினார்கள். "இந்த ஒப்பந்தம்... மெசினுக்கா, மனுசனுக்கா?"

"விளங்கேல்ல, ஐயா."

"என்ர பேருக்கோ... மெசின்ர நம்பருக்கோ?"

"மெசின்ர நம்பருக்குத்தான்."

"அப்ப மெசின்... வேற வீட்டுக்குப் போனால்?"

"ஒப்பந்தமும் கூடப் போகும். புது அட்ரஸை மட்டும் எனக்குச் சொன்னால் காணும்."

எமிலியானுஸ் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். மெசின் பொசுக் பொசுக் என்று ஓடிக்கொண்டிருந்தது.

"மூண்டு வருசம் போடு," என்றார்.

கிறேஸின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கலியாணத்தன்று கோயில் வாசலில் நின்ற முகம் அது. "கேட்டியோ? கேட்டியோடி? அவருக்கே மூண்டு வருசம் வேணுமாம்! நீ ஒரு வருசம் எண்டு நிக்கிறாய்!" வேற வீட்டுக் கதை அவள் காதில் விழுந்ததா, இல்லையா? விழுந்ததாகத் தெரியவில்லை. நௌஷாட்டை மத்தியானச் சாப்பாட்டுக்கு நிற்கச் சொல்லி மன்றாடினாள், அவன் இன்னொரு வீட்டுக்குப் போக வேண்டும் என்றதும் பொரித்த மீனைச் சுற்றிக் கையில் கொடுத்து அனுப்பினாள். கையோடு முக்காட்டை எடுத்துக்கொண்டு, மெழுகுதிரி கொளுத்தக் கோயிலுக்கு ஓடினாள்.

நிறஞ்சலா மட்டும் அதே இடத்தில் நின்றாள். மெசின் வேற வீட்டுக்குப் போகிற கதை அவள் காதில் விழுந்திருந்தது.

"பிள்ளை. கிட்ட வந்து... இரு."

வந்து கட்டில் விளிம்பில் இருந்தாள்.

"டொக்டர் உனக்கு என்ன சொன்னவர் எண்டு... நான் கேட்கேல்ல. நீயும் சொல்லாத."

"அப்பா..."

"சிலிண்டர் கட்டிக்கொண்டு... இறங்கினவன் நான். காத்து முடியப் போகுதெண்டால்... இழுக்கிற இழுவையிலயே தெரியும். வள்ளத்தில நிக்கிறவைக்குத் தெரியாது. அவை பீடி பத்திக்கொண்டு நிப்பினம். கீழ நிக்கிறவனுக்குத்தான்... முதல் தெரியும்."

அவ்வளவுதான். ஒரு கிழமையாகக் கட்டி வைத்திருந்தது உடைந்துவிட்டது. தகப்பனின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நிறஞ்சலா அழுதாள். சின்னப் பிள்ளையில் காது குத்தியபோது அழுதது போல, ஏங்கி ஏங்கி. எமிலியானுஸ் அவள் தலையில் கையை வைத்தபடி இருந்தார். அவருக்கும் கண் நிறைந்து வழிந்தது. துடைக்கவில்லை.

"அப்ப ஏன் அப்பா மூண்டு வருசம்? அம்மா எவ்வளவு சந்தோசமாப் போறா எண்டு பார்த்தீங்கள்தானே. அது பாவமில்லையே?"

"கொஞ்ச நாளைக்கு அவ... சந்தோசமா இருக்கட்டும். கையை நினைச்சு நினைச்சுச் சாகிறாள்." மூச்சு வாங்கினார். "மெசினுக்கு இன்னும் வயசு கிடக்கு. எனக்குப் பிறகு... ஆரும் மூச்சு விடட்டும். ஜஸ்ரின் குளிருக்க நிண்டு உழைச்ச காசு... வீணாப் போகக்கூடாது."

"ஆருக்கு, அப்பா?"

"சொல்லுறன். முதல்... கொலின்ஸ் மாமாவைக் கூட்டிக்கொண்டு வா."

நிறஞ்சலா தலையை நிமிர்த்தினாள். காது பிழையாகக் கேட்டுவிட்டதோ என்று நினைத்தாள்.

கொலின்ஸ் கிறேஸின் ஒரே தம்பி. எமிலியானுஸோடு கூட்டாக வைத்திருந்த வள்ளத்தை ஒரு வார்த்தை கேட்காமல் விற்றுவிட்டான் என்று தொடங்கிய சண்டை. ஏழு வருடம். மூன்று ஒழுங்கைச் சந்து தள்ளி வீடு. ஒரே கோயில், ஒரே பூசை. அவன் இடது பக்கம் நின்றால் இவர்கள் வலது பக்கம். ஜஸ்ரினின் கலியாணத்துக்கும் அவன் வரவில்லை, கிறேஸும் சண்டை தொடங்கியதிலிருந்து அந்த ஒழுங்கைப் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை. அவன் பெயரை இந்த வீட்டில் சொன்னாலே எமிலியானுஸ் எழும்பிப் போய்விடுவார். அவர் வாயால் அந்தப் பெயர் வந்தது இன்றைக்குத்தான்.

"அவரோ? அவர் வருவாரே?"

"அவன்தான் எனக்குக் கயிறு பிடிச்சவன்."

அதற்கு மேல் அவர் விளக்கம் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை. சுழியோடிகளின் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு அது தெரியும். கடலுக்குள் இறங்குகிறவனின் இடுப்புக் கயிறு மேலே வள்ளத்தில் ஒருவன் கையில் இருக்கும். அந்த ஒருவன் பெண்சாதியின் உடன்பிறந்தவனாக இருக்க வேண்டும். கூலிக்கு வந்தவன் கண்ணயரலாம், சிநேகிதன் பராக்குப் பார்க்கலாம். தன் அக்காவின் தாலி அந்தக் கயிற்றில் தொங்குகிறது என்று தெரிந்தவன் கண்ணை எடுக்கமாட்டான். எமிலியானுஸ் கடலுக்குப் போன காலம் முழுக்க அந்தக் கயிறு கொலின்ஸின் கையில்தான் இருந்தது.

"வள்ளம் போனால் போகட்டும், பிள்ளை," என்றார். "இந்தத் தரம் இறங்கேக்க... கயிறு அவன்ர கையில இருக்கோணும். கொம்மாவை அவன்ர கையில... குடுத்திட்டுப் போகோணும்."

பின்னேரம் வானம் மறுபடியும் கறுத்தது. கோயிலால் வந்து சமையலை முடித்து, புருசனுக்குக் கஞ்சி பருக்கி, பாட்டொன்றை முணுமுணுத்துக்கொண்டு திரிந்த கிறேஸ், முதல் இடி முழங்கியதும் அப்படியே நின்றாள். வலது கை எழும்பியது. செபமாலையைக் கண்டது. கையை இழுத்து மற்றக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "மாதாவே, மாதாவே" என்றாள். பிறகு தானே சிரித்தாள். "பார்த்தியோ? கைக்கு இப்ப புத்தி வந்திட்டுது."

நிறஞ்சலா வாசலில் குடையோடு நின்றாள்.

"எங்கயடி இந்த இடிக்குள்ள?"

சொல்லத்தான் வேண்டும். "கொலின்ஸ் மாமா வீட்ட. அப்பா கூட்டிக்கொண்டு வரச் சொன்னவர்."

கிறேஸின் சிரிப்பு உடனே போய்விடவில்லை. கொஞ்ச நேரம் முகத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது. ஏழு வருடச் சண்டை தீரப்போகிறது என்று முதலில் சந்தோசப்படத்தான் பார்த்தாள். "தம்பியையோ? அவரே சொன்னவரோ? அவர் வாயாலயோ?" என்றாள். பிறகுதான் உறைத்தது. சுழியோடியின் பெண்சாதி அவள். கயிறு பிடிக்கிறவனை எந்த நேரம் கூப்பிடுவார்கள் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

உள்ளறைக் கதவைப் பார்த்தாள். மெசின் ஓடிக்கொண்டிருந்தது. மகளின் வீங்கிய கண்ணைப் பார்த்தாள். காலையில் ஏசியதெல்லாம் நினைவு வந்திருக்க வேண்டும். கிட்ட வந்து நிறஞ்சலாவின் கன்னத்தை உள்ளங்கையால் ஒரு தரம் தடவினாள்.

"குடையை இஞ்ச தா."

"அம்மா, நான்..."

"நீ போனால் அவன் வரமாட்டான். அக்கா போய்ப் படலையில நிண்டால் வருவான்." முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "நீ சுவிச்சடியில நில்லு. உன்ர கையும் இந்த வீட்டுக் கைதானே, இடி இடிச்சால் அதுவும் போகும்."

மழை பிடித்துவிட்டது. வாசல் படலைவரை போனவள் நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை. மழைச் சத்தத்தில் அவள் குரலை நிறஞ்சலா உற்றுக் கேட்க வேண்டியிருந்தது.

"மெசின் ஆரின்ர வீட்டுக்குப் போகுதாம், பிள்ளை?"

அம்மா பதிலுக்குக் காத்து நிற்கவில்லை. குடையை விரித்துக்கொண்டு, ஏழு வருடம் கால் வைக்காத அந்த ஒழுங்கைக்குள் திரும்பினாள்.